1927 ஆஸ்டின் செவன் டூரர், ‘முழுமையாகப் புதுப்பித்தது’: நம்பி வாங்கலாமா?

கேட்டவர் லெஸ்டரில் வசிக்கிறார். 1927-ஆம் ஆண்டு ஆஸ்டின் செவன் டூரர் ஒன்று, பிரிட்டனின் பழைய குட்டிக் கார், விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் ‘முழுமையாகப் புதுப்பித்தது’ என்று போட்டு ஐந்து படங்களும் கொடுத்திருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை போய்ப் பார்க்கப்போகிறார். “நம்பி வாங்கலாமா, வாங்கினால் தினமும் ஓட்ட முடியுமா?” என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். இரண்டாவதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம், கடைசிப் பக்கம் வருகிறேன். முதல் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஷோரூமிலிருந்து இறக்கியது போல மின்னும் இந்த வண்டியில் 1927 எவ்வளவு, போன வருடம் எவ்வளவு? அது தெரியாமல் நம்பலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

என்னைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். கோவென்ட்ரி பக்கம் ஓர் எந்திரத் தொழிற்கூடத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது வருடங்களாக வார இறுதிகளை ஆஸ்டின் செவன்களுக்குக் கொடுத்துவருகிறேன். என் கொட்டகையில் ஒன்று நிற்கிறது. நண்பர்களுடையதையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு என்ஜின்களையாவது பிரித்து மாட்டியிருப்பேன். இரும்பு எனக்குப் பழக்கம். மரவேலை கைவராது, அதற்கு ஒரு தச்சர் நண்பரைத்தான் நம்பியிருக்கிறேன். ஏலச் சந்தையின் விலை நிலவரம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவுமில்லை. ஆகவே படத்திலிருந்து சொல்வதை ஊகமாகவும், இந்த மாடலைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதை உறுதியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டூரர் என்ற சொல். சுற்றுலா போவதற்கென்று செய்த கார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உடலமைப்பின் பெயர்: திறந்த கார், இரண்டு வரிசை இருக்கை, பின்னால் மடித்துவைக்கும் துணிக்கூரை, மழை வந்தால் கதவின்மேல் செருகிக்கொள்ளும் செல்லுலாய்டு திரை. ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. 1920-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சாதாரணக் குடும்பம் வாங்கிய கார் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. மூடிய சலூன் விலை அதிகம். பத்தாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழானது. மழையிலும் குளிரிலும் நனைந்து அலுத்த மக்கள் சலூனுக்குப் போய்விட்டார்கள். ‘வின்டேஜ்’ என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. 1934-இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப்பின் கணக்கில் 1930 முடிவதற்குள் செய்த கார்தான் வின்டேஜ். நம் பத்திரிகைகள் குரோம் பம்பர் வைத்த எதையும், அம்பாசிடர் உட்பட, வின்டேஜ் என்று எழுதுகின்றன. அது அவர்கள் தாராள மனசு. உங்கள் 1927 அந்தக் கறாரான எல்லைக்குள்ளேயே நிற்கிறது, அதாவது விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆண்டு உண்மையாக இருந்தால்.

செவனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும். 1921-இல் ஆஸ்டின் கம்பெனி கடனில் மூழ்கி, நீதிமன்றமோ கடன்காரர்களோ நியமிக்கும் ரிசீவரின் கைக்குப் போயிருந்தது. சின்ன கார் செய்யலாம் என்று ஹெர்பர்ட் ஆஸ்டின் சொன்னதை இயக்குநர்கள் ஏற்கவில்லை. அவர் விடவில்லை. ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைவாளரைத் தன் லிக்கி கிரேஞ்ச் வீட்டுக்கு அழைத்துவந்து, பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்து வரையச்செய்தார். நான்கு சிலிண்டர் வைக்கலாம் என்று கிழவரைச் சம்மதிக்கவைத்தது அந்தப் பையன்தான். 1922-இல் கார் வெளிவந்தது. விற்ற ஒவ்வொரு காருக்கும் இரண்டு கினி ஆஸ்டினுக்கு ராயல்டி. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் விற்றன, இயக்குநர்கள் என்ன முகத்தோடு கணக்குப் பார்த்தார்களோ. ஜெர்மனியில் டிக்ஸி என்ற பெயரில் உரிமம் பெற்றுச் செய்தார்கள். அந்தக் கம்பெனியை 1928-இல் வாங்கித்தான் பிஎம்டபிள்யூ கார்த் தொழிலுக்குள் நுழைந்தது. ஜப்பானின் டாட்சன் இதைத் திருடிச் செய்தது என்று அடிக்கடி சொல்வார்கள். அதற்குச் சரியான ஆதாரத்தை யாரும் காட்டவில்லை. ஆஸ்டினே ஒரு டாட்சனை 1935-இல் வரவழைத்துப் பார்த்துவிட்டு, வழக்கு எதுவும் போடாமல் விட்டுவிட்டார்.

என்ஜின் ஏன் அவ்வளவு சிறியது என்பதற்கு வரி ஒரு காரணம். 1921 முதல் பிரிட்டனில் குதிரைச்சக்திக்கு ஒரு பவுண்டு என்று ஆண்டு வரி விதித்தார்கள். அந்தக் குதிரைச்சக்தியையும் என்ஜினை ஓட்டி அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது அதில் வரவே வராது. எனவே பிரிட்டிஷ் எஞ்சினியர்கள் பெரும்பாலும் குறுகிய, நீண்ட சிலிண்டராகச் செய்தார்கள். செவனுக்கு விட்டம் 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 76, கொள்ளளவு 747 சிசி. சூத்திரப்படி 7.8 வருகிறது, வரி 8 பவுண்டு. அதே ஊரில் ஃபோர்டு மாடல் டி வைத்திருந்தவர் 23 பவுண்டு கட்டினார். பணக்காரர்களின் பென்ட்லி 3 லிட்டரிலும் இதே கதைதான், 80-க்கு 149. ஆல்விஸ் 12/50 என்பது போன்ற கார்ப் பெயர்களில் முதல் எண் வரிக்கணக்கு, இரண்டாவது என்ஜின் தருவதாகக் கம்பெனி சொன்ன சக்தி. விற்பவர் “ஏழு குதிரைச்சக்திதான்” என்று சொன்னால் மிரளவேண்டாம். முதல் செவனே பத்துக்குச் சற்று மேல் தந்தது. வண்டி முந்நூற்று அறுபது கிலோதான், அதற்கு அது போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதுப்பித்த பிரிட்டிஷ் டூரரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் உடலைத்தான். என்ஜினை அப்புறம் பார்க்கலாம். காரணம் எளிது. ஒரு காலத்தில் சலூனைவிட மலிவாக விற்ற திறந்த காருக்குத்தான் இன்று மதிப்பு. போருக்குப் பின் பழைய செவன்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் இந்தச் சின்ன வண்டிகளைப் பந்தயத்துக்கு இழுத்துவந்தது. ஐம்பதுகளில் பையன்கள் மரம் உளுத்த உடல்களைக் கழற்றி எறிந்துவிட்டு, தகடோ கண்ணாடியிழையோ வைத்துத் தாங்களே பந்தய வண்டி செய்துகொண்டார்கள். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1948-இல் செய்த முதல் வண்டியும் ஒரு செவனின் எலும்பில் எழுந்ததுதான். அந்த மோகம் தணிந்தபோது உடலில்லாத சேசிஸ்கள், அதாவது என்ஜினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டங்கள், கொட்டகைகளில் கிடந்தன. அவற்றில் எத்தனையோ இன்று ‘சம்மி’ டூரர்களாக ஊர்வலம் வருகின்றன. சம்மி என்பது செவன் டூரருக்கு அன்று வந்த செல்லப்பெயர். முன்னால் இருவர் தோள் உரச உட்காரலாம், பின்னால் குழந்தைகளுக்கு ஒரு பலகை அளவு இடம். சலூனாகப் பிறந்து டூரராக வயதாகும் இந்த வழக்கம் செவனோடு நிற்கவில்லை. பென்ட்லி வெறும் சேசிஸைத்தான் விற்றது, உடலை வாங்குபவர் வெளியில் கட்டிக்கொள்வார். அப்படிக் கனமான சலூன் உடலோடு போன பல பென்ட்லிகள் இன்று வான்டன் பிளா என்ற உடல்கட்டும் கம்பெனியின் பாணித் திறந்த உடலோடு, பச்சைச் சாயம் பூசி நிற்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை, பாதி வேலைக்கு ஒரு அளவுநாடா போதும். முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம்வரை பிடித்து அளந்துபாருங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும், இரண்டு பக்கமும் அளங்கள். 1931 கடைசிவரை வந்த செவனில் அந்தத் தூரம் 6 அடி 3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 190 சென்டிமீட்டர். அதன்பிறகு 6 அங்குலம் கூட்டி 6 அடி 9 அங்குலம் ஆக்கினார்கள், 206 சென்டிமீட்டர் வரும். உங்கள் நாடா 206 காட்டினால் அது 1927 சேசிஸ் இல்லை, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் சரி. 190 காட்டினால் 1927 சேசிஸாக இருக்க வாய்ப்பு உண்டு என்று மட்டும் பொருள், உடல் பழையதா என்று அது சொல்லாது. அதே போல கியரை எண்ணிப்பாருங்கள். 1927 வண்டிக்கு முன்பக்கம் மூன்றுதான். நான்கு கியர் 1932-இல்தான் வந்தது. நான்கு இருந்தால் யாரோ வசதிக்காகப் பின்னால் வந்த பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் ‘அசல்’ என்று சொல்லி அதற்குக் காசு வாங்கக்கூடாது.

உடலின் ஜாதகம் காகிதத்தில் இருக்கும். இன்றைய வி5சி பதிவுப் புத்தகத்தோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். எழுபதுகளில் பதிவெல்லாம் ஸ்வான்சீயில் ஒரே இடத்துக்குப் போவதற்கு முன்பு, அந்தந்த மாவட்ட நிர்வாகம் கொடுத்த மடிப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு உரிமையாளரின் பெயரும் முத்திரையும் வரிசையாக அதில் ஏறும். அதில் ‘உடல் வகை’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் சலூன் என்று மசியில் எழுதியிருந்து, வெளியில் டூரர் நின்றுகொண்டிருந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். விற்றவர் அதுவரை அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை என்றார். இருக்கலாம். பழைய புத்தகம் இல்லையென்றால், சில மாவட்ட ஆவணக் காப்பகங்களில் அந்நாளைய பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன, எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். எண் பலகையிலுள்ள எழுத்துகள் எந்த ஊர் என்று சொல்லும். டியூ என்றால் எங்கள் கோவென்ட்ரி. 1983-க்குள் கணினியில் ஏற்றாத பழைய எண்கள் செல்லாமல் போயின. கைவிட்ட வண்டியை மீட்டவர்கள் ஆதாரம் காட்டித்தான் எண்ணைத் திரும்பப் பெறவேண்டியிருந்தது, ஆகவே அந்தக் கடிதப்போக்குவரத்து இருந்தால் அதுவும் நல்ல சாட்சி. வண்டி எண் க்யூ என்ற எழுத்தில் தொடங்கினால், அதன் வயதையோ பூர்வீகத்தையோ நிறுவ முடியவில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது என்று அர்த்தம். கடைசியாக, சேசிஸில் பொறித்த எண்ணை விரலால் தடவிப்பாருங்கள். சுற்றிலும் சாணைக்கல் போட்ட வழவழப்பு இருந்தால் மேலே பேசவேண்டாம், வந்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ரேடியேட்டர் உறை கண்ணாடிபோல் நீலம் பாய்ந்த வெள்ளையாக மின்னுகிறது. அது குரோம். பிரிட்டிஷ் கார்களில் குரோம் முலாம் பரவலானது 1929, 1930 வாக்கில்தான். அதற்கு முன் நிக்கல். நிக்கலில் இலேசான மஞ்சள் ஓடும், பழைய வெள்ளிக் குத்துவிளக்கின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் மங்கிவிடும், அதனால்தான் புதுப்பிக்கிறவர்கள் குரோம் பூசிவிடுகிறார்கள். இதனால் வண்டி ஓடாமல் போகாது. ஆனால் புதுப்பித்தவர் காலத்தைப் பற்றிக் கவலைப்படாத மனிதர் என்று தெரிகிறது. இரண்டாவது, என்ஜின் படத்தில், பேட்டரி மின்சாரத்தில் தீப்பொறி தரும் ஒரு காயிலும் அதைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கின்றன. செவனில் காயில் வந்தது 1928 கடைசியில். 1927 வண்டிக்கு என்ஜின் பக்கவாட்டில் குறுக்காக உட்கார்ந்த மேக்னெட்டோ, அதாவது பேட்டரி இல்லாமல் தானே தீப்பொறி உண்டாக்கும் கருவி, இருக்கவேண்டும். ஆகவே என்ஜின் பின்னால் வந்த ஒன்றாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். செவன்களில் என்ஜின் மாறுவது நம் ஊரில் சைக்கிள் டயர் மாறுவதைப்போல, யாரும் வியப்பதில்லை. கேட்டுவையுங்கள், பதிலைவிட, பதில் சொல்லும் விதம் முக்கியம்.

என்ஜினில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, கிராங்க் ஷாஃப்ட். நான்கு பிஸ்டன்களின் அடியைத் தாங்கும் அந்தத் தண்டை இரண்டு முனையில் மட்டும் பேரிங் வைத்துப் பிடித்திருக்கிறார்கள், நடுவில் ஆதாரமே கிடையாது. மூன்றாவது பேரிங் 1936-இல்தான் வந்தது. வேகமாகச் சுற்றும்போது நடுப்பகுதி துணி உலர்த்தும் கயிறுபோல வளைந்து வளைந்து வரும், என்றாவது ஒருநாள் முறியும். நான் முதலில் வாங்கிய செவனும் ‘முழுமையாகப் புதுப்பித்தது’தான். விற்றவர் என்ஜினைத் திறந்து எல்லாம் புதிதாகப் போட்டதாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன். மூன்றாம் மாதம் ஓர் ஏற்றத்தில் அடியிலிருந்து, கதவை யாரோ முட்டியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். என்ஜின் நிற்கவில்லை. அதுதான் வேடிக்கை. முறிந்த இரண்டு துண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்ற, வண்டி நொண்டியபடி அரை மைல் ஓடி ஒரு மதுக்கடை வாசலில் வந்து நின்றது. பிரித்துப் பார்த்தேன். முறிவின் முகத்தில் பாதி கருத்துப்போயிருந்தது, பாதி புதுவெள்ளி. கருத்த பாதி நான் வாங்குவதற்கு முன்பே விட்ட விரிசல். என்ஜின் உறைக்கு வெளியே மட்டும் வெள்ளிச் சாயம் அழகாகப் பூசியிருந்தார்கள். ஆகவே “கிராங்கை விரிசல் சோதனை செய்தீர்களா, ரசீது உண்டா?” என்று கேளுங்கள். புதிதாகச் செய்த, உறுதியான கிராங்க்குகள் இப்போது கிடைக்கின்றன. அப்படி ஒன்று போட்டதற்கு ரசீது இருந்தால், அசலில்லையே என்று வருந்தாமல் அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ஆயில் அழுத்தத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இந்த என்ஜினில் நவீன கார்போல ஆயில் அழுத்தத்தோடு பேரிங்குக்குள் போவதில்லை. இரண்டு சின்னத் துளைகளிலிருந்து பீச்சி அடிக்கும், சுற்றிவரும் கிராங்க் அதை வாயைத் திறந்து பிடித்துக்கொள்ளும். மீட்டர் இருந்தால் முள் கீழேயே கிடக்கும். பல வண்டிகளில் மீட்டருக்குப் பதில் ஒரு பொத்தான்தான் இருக்கும். ஆயில் வந்தால் அது வெளியே துருத்திக்கொள்ளும், அவ்வளவுதான். மீட்டர் தாராளமாக அழுத்தம் காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும், துளை அடைத்திருக்கிறதோ என்று.

உடலுக்கு வருகிறேன். அந்தக் கால உடல் என்பது மரச்சட்டத்தின்மேல் அறைந்த தகடு. ஆஷ் மரம் பயன்படுத்துவார்கள், வளையும், ஆணி பிடிக்கும், ஆனால் ஈரம் தங்கினால் உளுத்துப்போகும். தண்ணீர் எங்கே தங்குமோ அங்கே பாருங்கள்: கதவுத் தூணின் அடி, தரைப்பலகையின் விளிம்பு, துணிக்கூரை மடியும் பின்பகுதி. கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். கீல் அசைந்தால் திருகை இறுக்கலாம். கீலோடு தூணே அசைந்தால் உள்ளே மரம் மாவாகியிருக்கிறது, மேலே பூசிய சாயம் அதைப் போர்த்தியிருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்துபாருங்கள். என் தச்சர் நண்பர் கண்ணைவிட மூக்கைத்தான் நம்புவார். பட்டி பார்த்து ஒப்பேற்றிய தகட்டைக் கண்டுபிடிக்கக் காந்தம் கொண்டுபோகச் சொல்வார்கள். செவனில் அலுமினியமும் வரும், எஃகும் வரும், அதனால் காந்தம் ஒட்டாததெல்லாம் பட்டி என்று முடிவுகட்டாதீர்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், தகடு கணீரென்று பேசும் இடமும் பட்டி மந்தமாகப் பேசும் இடமும் தனித்தனியே தெரியும். இங்கே நான் சொல்வது பழக்கத்தில் வந்தது. மரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைத் தச்சர்தான் சொல்லவேண்டும். ஐம்பது பவுண்டு கொடுத்தாவது ஒருவரை அழைத்துப் போங்கள்.

தினமும் ஓட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். மணிக்கு முப்பத்தைந்து மைலில் சந்தோஷமாகப் போகும் வண்டி இது, நாற்பத்தைந்தில் கெஞ்சும். கிளட்ச் பெடலின் மொத்தப் பயணமே ஓர் அங்குலத்துக்குள். பிடித்திருக்கும், அல்லது விட்டிருக்கும், நடுவில் ஒன்றும் இல்லை. முதல் நாள் எல்லோரும் தவளைபோலக் குதித்துத்தான் புறப்படுவார்கள், நானும் குதித்தேன். கியர் உரசாமல் மாற உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது. இறக்கும்போது கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி அழுத்திக் கீழ்க் கியரைப் போடவேண்டும். தவறினால் கியர்பெட்டி தெருவுக்கே கேட்கும்படி திட்டும். பிரேக்தான் புதியவர்களை உண்மையில் அதிரவைப்பது. நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு என்று விளம்பரத்தில் எழுதுவார்கள், அது உண்மைதான். ஆனால் 1930-இல் இரண்டையும் இணைக்கும்வரை, கால் பெடல் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும், கைநெம்பு முன்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால் காலும் கையும் ஒன்றாக வேலை செய்யவேண்டும், ஸ்டீயரிங்கில் ஒரு கைதான் மிச்சம். பின் ஸ்பிரிங் சேசிஸின் முனையிலிருந்து வெறும் கை நீட்டியதுபோல நீளும் கால்வட்டப் பட்டை. வளைவில் உடல் சாயும்போது பின் ஆக்சிலும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், வண்டி நீங்கள் கேட்காத திசையில் ஒரு யோசனை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை கிராமச் சாலையில் இதெல்லாம் இன்பம். வேலைக்குப் போகும் வழியில் வட்டச்சாலைச் சந்திப்பில் இது இன்பமில்லை.

சட்டத்தில் ஒரு விஷயம் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. 1960-க்கு முந்தைய வண்டிகளுக்கு 2012 முதலே எம்ஓடி ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் கிடையாது. கேட்க இனிக்கும். ஆனால் இந்த வண்டியின் அடிப்பகுதியை வேறொரு கண் பத்து வருடமாகப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்பதும் அதற்கு அர்த்தம். நீங்களாகக் கேட்டு எம்ஓடி செய்துகொள்ளத் தடையில்லை. வாங்குவதற்கு முன் விற்பவரே செய்துதரட்டும் என்று கேளுங்கள், செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். நேர்மையானவர் சம்மதிப்பார். பெட்ரோல் போடும்போது, 2021 முதல் இங்கே சாதாரணமாக விற்கும் இ10 வேண்டாம். அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பற்றாசு வைத்து இணைத்த டேங்க்கையும் அரிக்கும். சூப்பர் ரகத்தில் வரும் இ5 போடுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோல் ஆகுமா என்று பயப்பட வேண்டாம், இந்த என்ஜின் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் சேர்க்கும் வழக்கம் இங்கே வரவில்லை.

இவ்வளவையும் மாற்றிய பிறகு அது 1927 கார்தானா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள். இந்தக் கேள்வி ஒருமுறை லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு ஆண்டும் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி, ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். பிற்பாடு என்ஜினை மாற்றினார்கள், விபத்தில் சிக்கியது, உடலையும் மாற்றினார்கள். அதை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், வென்ற காரின் பாகங்கள் இதில் அநேகமாக இல்லையே என்று பின்வாங்கினார்கள். 1990-இல் நீதிபதி ஆட்டன் தீர்ப்புச் சொன்னார்: வரலாறு எங்கும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருப்பதால் இந்தக் கார் அந்தப் பெயருக்கு உரியதுதான். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும், ஆனால் எச்சரிக்கையோடு. அந்த பென்ட்லியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாட்சி இருந்தது, அதனால்தான் வழக்கு நின்றது. உங்கள் செவனில் மாற்றியதெல்லாம் ஒரு கோப்பில் இருந்தால், அதில் துருப்பிடித்த சேசிஸின் அசிங்கமான படங்களும், மரம் வாங்கிய ரசீதும், பழைய கிராங்க்கைத் தூக்கிப்போட்ட குறிப்பும் இருந்தால், குரோமை மன்னித்து வாங்கிவிடுவேன். கோப்பு இல்லாமல் பளபளப்பு மட்டும் இருந்தால், சாயம் அடிக்காத, கதவு தொங்கும், ஆனால் பழைய பதிவுப் புத்தகம் உள்ள வேறொரு வண்டியைத் தேடுவேன். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிவர ஒரு நல்ல நகல் உடல் போதுமே என்பார்கள். போதும்தான், நகலுக்கான விலையைக் கொடுத்து வாங்கினால்.

சனிக்கிழமை போகும்போது அளவுநாடா, கைவிளக்கு, பழைய சட்டை மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், கீழே படுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். முன்சக்கரத்தை ஜாக் போட்டுத் தூக்கச் சொல்லி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப்பாருங்கள், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். ஹேண்டில் போட்டு நீங்களே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சுற்றிப் பிடிக்கவேண்டாம். என்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல்தான் முதலில் போகும். நான்கு அமுக்கமும் ஒரே பலத்தில் கையை எதிர்க்கவேண்டும். இதற்கெல்லாம் முன்னால், வணக்கம் சொல்லிக் கைகுலுக்கிய கையோடு, யாரும் கவனிக்காதபோது ரேடியேட்டரைத் தொட்டுப்பாருங்கள். குளிர்ந்திருக்கவேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்து தயார்படுத்தி வைத்திருக்கிறார்கள். கோபப்படவேண்டாம். ஒரு தேநீர் கேளுங்கள், காகிதங்களை மெதுவாகப் புரட்டுங்கள், அது ஆறும்வரை உட்கார்ந்திருங்கள்.